வலப்பக்கம் வழியும் கடல்

"கடல் வலப்பக்கமா வழியுது, கோர்டன்," என்றாள் நோலீன்.

சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் கணவர் கோர்டன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கடல் அது பாட்டுக்குத்தான் இருக்கும். உன் கம்ப்யூட்டர் வழியுதான்னு பாரு."

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். வீட்டை விற்பதற்காக அவரே கைபேசியில் எடுத்த வீடியோ அது. வாசல் கதவில் தொடங்கி, நடையைத் தாண்டி, முன்னறைக் கண்ணாடியைக் கடந்து, கடலைப் பார்த்த மரத்தளத்தில் போய் முடிகிறது. வாசலில் நிற்கும்போது, வீட்டுக்கு ஊடே தெரிகிற தூரத்து அடிவானம் லேசாகக் கோணல், அவ்வளவுதான். நடக்க நடக்கச் சாய்கிறது. மரத்தளத்துக்குப் போய்ச் சேரும்போது பசிபிக் சமுத்திரம் முழுசும், கோணல் தட்டில் ஊற்றிய குழம்பு மாதிரி ஒரு பக்கமாக ஓடிக்கிடந்தது.

"போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கே," என்றாள்.

வெண்ணெய்க் கத்தி நின்றது. "யாரு? நானா?"

அவர்கள் குடியிருந்த சம்னர் குன்றில் யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கோர்டன் ஆயுசு முழுக்க வீடு கட்டியவர். அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்து போன பிறகு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்று, "வடக்கு மூலை ரெண்டு விரல்கடை இறங்கியிருக்கு" என்பார். பின்னால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கருவி, கம்பி, காகிதம் எல்லாம் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு அதே ரெண்டு விரல்கடையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கோர்டன் கண்ணு ரசமட்டம் என்று குன்று முழுக்கப் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய் இப்படிக் கேட்டால்?

"நான் பிடிச்சது நேர். மத்தது எதாவது சாஞ்சிருக்கும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! போய்யா," என்றாள் நோலீன்.

சண்டை போட நேரமில்லை. நெல்சன் நகரில் இருக்கும் மகள் ரொவீனாவுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது. அதற்குள் இந்த வீட்டை விற்றுவிட்டு மகள் பக்கத்தில் குடிபோக வேண்டும். வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகர் நைரீ, வெள்ளிக்கிழமைக்குள் வீடியோ வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

நோலீன் நூலகத்தில் வீடியோ வகுப்புக்குப் போனவள். முழுப் படத்தையும் இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள். கடைசியில் கடல் நேரானது. ஆனால் ஆரம்பத்தில் வாசல் கவிழ்ந்துவிட்டது.

"ஒரே அளவாத் திருப்பினா ஆகாது. சாய்வு போகப் போகக் கூடுது. திருப்பறதும் போகப் போகக் கூடணும்."

அதற்கும் வகுப்பில் வழி சொல்லியிருந்தார்கள். படத்தின் காலக்கோட்டில் ஒரு புள்ளி வைத்து, இங்கே இவ்வளவு திருப்பு என்று சொல்ல வேண்டும். தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, இங்கே அவ்வளவு. நடுவில் இருப்பதைக் கணினியே நைசாகத் திருப்பிக்கொள்ளும். அந்தப் புள்ளிக்குக் கீஃப்ரேம் என்று பெயர். கோர்டன் அதை ஆணி என்பார். நோலீனுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

வரிசையாக ஆணி அடித்தாள். கடல் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. ஆனால் திருப்பிய படத்துக்கு மூலைகளில் கறுப்பு முக்கோணம் முளைத்தது. அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"என் ரிமு மர அலமாரி எங்கடி?" என்றார் கோர்டன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"வெளியே போச்சு. அடிவானம் வேணுமா, அலமாரி வேணுமா?"

"அலமாரிதான். அடிவானத்தை நானா செஞ்சேன்?"

அவள் சிரித்துக்கொண்டே படத்தை ஓட்டினாள். முன்னறைக் கண்ணாடி வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

கண்ணாடிக்குள் ஓர் ஆள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்ததில் முகம் தெரியவில்லை, வெறும் கறுப்பு உருவம். சுவர் நேர், கண்ணாடிச் சட்டம் நேர், ஓரத்தில் தெரிந்த கடலும் நேர். அந்த ஆள் மட்டும், சுவரில் சாத்தி வைத்த பலகை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். சாத்திக்கொள்ளத்தான் அங்கே சுவர் இல்லை. நோலீன் படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

"யாரு கோர்டன் இது?"

"நான்தான். கையில போன் வச்சிருக்கேன் பாரு."

"பின்ன ஏன் இப்படிச் சாஞ்சு நிக்கிறே?"

"சாஞ்சேனா?" அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டுப் பழைய படத்தைக் காட்டினார். "இப்ப பாரு!"

பழைய படத்தில் கோர்டன் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நின்றார். கண்ணாடி, கணப்பு, ஜன்னல், கடல் எல்லாமே சாய்ந்திருந்தன.

நோலீன் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடலை நேராக்கினால் ஆள் சாய்கிறான். ஆளை நேராக்கினால் வீடும் கடலும் சாய்கின்றன. ரெண்டில் எதை நம்புவது? கோர்டன் கண் இதுவரை தப்பினதில்லையே.

"மறுபடி குன்று நகருதோ?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. நிலநடுக்கத்தில் ரெண்டு வீடு தள்ளி இருந்த குடும்பத்தின் சமையலறை பாறையோடு கீழே போனதை அவள் இதே ஜன்னலில் நின்று பார்த்தவள்.

"நான் சொல்லிட்டேதானே இருக்கேன்," என்றார் கோர்டன். "இந்த நடை குறுகிட்டே வருதுன்னு. நான் பாட்டுக்கு நடந்து போறேன், இடப்பக்கச் சுவரு வந்து தோளை இடிக்குது."

அதை அவள் இத்தனை நாள் வேடிக்கைப் பேச்சென்று விட்டிருந்தாள். எழுந்து போய் நடையைப் பார்த்தாள். இடப்பக்கச் சுவரில், சரியாகத் தோள் உயரத்தில், பெயின்ட் தேய்ந்து ஒரு நீளத் தடம். வாசல் பக்கம் மெல்லிசாகத் தொடங்கி உள்ளே போகப் போக அகலமாகிக்கொண்டே போயிற்று. கையை வைத்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"வெளியில மூச்சு விடாதே," என்றார் கோர்டன் பின்னாலிருந்து. "தெரிஞ்சா ஒரு நாய்கூட வாங்காது."

நோலீன் ஆணியெல்லாம் திரும்ப அடித்து, நேராக்கிய படத்தையே அனுப்பி வைத்தாள். மனசு உறுத்தத்தான் செய்தது. ரெட்டைத் தொட்டிலை நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே நைரீ கூப்பிட்டாள். "நோலீன், உங்க வீடியோவை அத்தனை பேர் பாத்திருக்காங்க! இந்த வருஷத்துலயே இதுக்குத்தான் கூட்டம்."

"அப்படியா! வாங்கறாங்களாமா?"

"வாங்கறது இருக்கட்டும். கண்ணாடியில கழுத்து முறிஞ்சாப்ல நிக்கிறது யாருன்னு கேக்கறாங்க."

"அது என் வீட்டுக்காரர்."

"உயிரோட இருக்காரா?"

"இப்ப எதிர்ல உக்காந்து தேத்தண்ணியைச் சட்டையில கொட்டிக்கிட்டிருக்கார்."

"அப்ப அந்த இடத்தை மட்டும் எப்படியாவது மறைச்சிடுங்களேன். பேய் வீடுன்னு எழுதறாங்க."

மறைப்பது என்ன பெரிய காரியம்? கண்ணாடி வரும் நேரத்துக்கு ரெண்டு ஆணி அடித்து, அங்கே மட்டும் படம் எதிர்ச்சுவரை நெருங்கும்படி செய்தாள். ஓட்டிப் பார்த்தால், நடந்து வருகிற கேமரா கண்ணாடியைக் கண்டதும் விருட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நோலீனே பயந்து கணினியை மூடிவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? "எதையோ மறைக்கிறாங்கப்பா" என்று எழுதித் தள்ளியது.

"புதுசா எடுத்துடுவோம்," என்றார் கோர்டன். "கண்ணாடி மேல ஒரு துணியைப் போடு."

கைக்குக் கிடைத்தது வெள்ளைப் படுக்கை விரிப்பு. அவர் வழக்கம்போல மதியத்துக்கு மேலேதான் எடுத்தார். அப்போதுதான் வெயில் முதுகுப் பக்கம் விழுந்து கடல் நீலமாக வரும் என்பது அவர் கணக்கு. எடுத்த படத்தைப் பார்த்த நோலீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். முன்னறையில் வெள்ளைத் துணி மூடிய உருவம் ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. அதுகூடப் பரவாயில்லை. கடல் போன தடவையைவிட இன்னும் அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"கூடியிருக்கு, கோர்டன். போன தடவை அடிச்ச ஆணி பத்தல."

அவர் நடையைப் பார்த்தபடி இடத் தோளைத் தடவிக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் பக்கத்து வீட்டுக் கெல்வின் வேறு மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெண்டாட்டி போனதிலிருந்து ஊர்க் கவலை முழுக்க அவன் தலையில்தான். விஷயத்தைக் கறந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரசமட்டத்தோடு வந்தான். தரையில் வைத்தான். குமிழி அசையாமல் நட்டநடுவில் நின்றது.

"நேராத்தான்யா இருக்கு!"

"குமிழி ஒட்டிக்கிச்சு," என்றார் கோர்டன். "தூக்கிப் போடு அதை. நிக்கிறப்பவே எனக்குத் தெரியுதே."

கெல்வின் ரசமட்டத்தைத் தட்டிப் பார்த்தான், கோர்டனையும் பார்த்தான். குன்றில் யாரும் கோர்டன் கண்ணுக்கு எதிராகக் கருவியை நம்பினதில்லை. "ஆமாமா, பழசுதான்," என்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் நைரீ தானே வந்து ஒரு படம் எடுத்துப் போனாள். அதில் ஒரு ஆணிக்கும் வேலையில்லை. கடல் கோடு போட்ட மாதிரி இருந்தது. நோலீனுக்குப் போன உயிர் வந்தது. கெல்வினுக்கோ புது யோசனை வந்தது.

"காலையில நேர், சாயங்காலம் கோணல். புரியலையா? அலை! ஏத்தம் வந்தா தண்ணி குன்றுக்கு அடியில பூந்து தூக்குது. வத்தினா இறக்கி வைக்குது. இந்தக் குன்று மூச்சு விடுது மாப்ளே!"

"வாயை மூடு கெல்வின்," என்றாள் நோலீன். ஆனாலும் அன்று சாயங்காலம் அலை ஏறும் சத்தம் கேட்டபோது அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோர்டன் வேறு வழியில் இறங்கினார். வீடு நேராகாவிட்டால் சாமானையாவது நேராக்குவோமென்று, மேசைக்கு, கட்டிலுக்கு, அடுப்புக்கு எல்லாம் ஒரு பக்கக் காலுக்குக் கீழே மரச்சக்கை சீவிச் செருகினார். ஒவ்வொன்றாகச் செருகிவிட்டு, எட்ட நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "ஹும், இப்பத்தான் நேர்," என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் பட்டாணி அத்தனையும் நோலீன் தட்டிலிருந்து கிளம்பி, மேசையைக் கடந்து, ஊர்வலமாகத் தரைக்குப் போயிற்று. சூப் கிண்ணத்தை அவள் கையில் ஏந்திக்கொண்டே குடித்தாள். கட்டிலிலிருந்து ரெண்டு தடவை உருண்டு விழுந்தாள். கோர்டன் மட்டும், ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது நோலீனுக்கு. விழுந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பேரப்பிள்ளைகள் பிறக்கும், வளரும், பள்ளிக்கூடம் போகும். நாம் இங்கே மூச்சு விடுகிற குன்றின் மேல், பட்டாணி பொறுக்கிக்கொண்டு கிடப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கும் நாள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பும் ஷூவும் குவியலாகக் கிடந்தன. வந்த கூட்டத்தில் வீடு பார்க்க வந்தவர்கள் ஒரு இளம் ஜோடி மட்டும்தான். மற்றதெல்லாம் பேய் பார்க்க வந்தது. காலுறையோடு சத்தமில்லாமல் அறை அறையாகப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோர்டன் மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து உட்காராமல் ஒவ்வொருத்தருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே குனிந்து நின்றாள். கையில் கோர்டனின் பழைய பூட்ஸ் ஒன்று. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளி ஓரம் சீவி எடுத்த பாலாடைக்கட்டி மாதிரி தேய்ந்திருந்தது.

"அது விற்பனைக்கில்ல," என்றாள் நோலீன்.

"யாரோடதும்மா இது?"

"எங்க வீட்டுக்காரரோடது. நீயும் பேய் பாக்க வந்தவதானா?"

"டிமாருவிலேருந்து வரேன். உங்க வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன்." அவள் பூட்ஸைக் கீழே வைக்கவில்லை. "எல்லாத்தையும் அவரேதான் எடுத்தாரா?"

"கடைசியா வந்தது நைரீ எடுத்தது. ஏன்?"

அந்தப் பெண் பூட்ஸோடு உள்ளே போய்விட்டாள். பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை என்று நோலீன் நினைத்துக்கொண்டாள்.

நைரீ ஒரு பொறியாளரைக் கூட்டிவந்திருந்தாள். அவர் முன்னறை நடுவில் முக்காலி வைத்து ஒரு பெட்டியை முடுக்கினார். தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவரில் பச்சை வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது. அங்கே அளந்தார், இங்கே அளந்தார், மரத்தளத்துக்குப் போனார், வெளியே போய்க் குன்றையும் பார்த்துவிட்டு வந்தார். வீடே அவர் வாயைப் பார்த்தது. நோலீன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குன்றில இவ்வளவு நேரான வீட்டை நான் பாத்ததில்ல," என்றார் பொறியாளர். "ஒரு மயிரிழை இறங்கல. கட்டினவரு கைக்கு முத்தமே கொடுக்கலாம். ஆனா மேசை, கட்டில், அடுப்பு எல்லாத்தையும் யாரோ மெனக்கெட்டுக் கோணலா வச்சிருக்காங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இளம் ஜோடி நைரீயின் காதில் ஏதோ சொல்ல, நைரீ நோலீனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நோலீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெல்சன்! ரெண்டு தொட்டில்! கெல்வினைக்கூடக் கட்டிப்பிடித்திருப்பாள்.

"இருங்க, இருங்க," என்று வந்தார் கோர்டன். நடந்து நடந்து களைத்திருந்தார். வழியில் கதவு நிலையில் இடத் தோளை இடித்துக்கொண்டார். "தம்பி, உன் பெட்டிதான் தப்பு. நான் இந்தக் கோட்டுமேலயே நிக்கிறேன். நான் நேர். கோட்டைப் பாருங்க, எவ்வளவு கோணல்னு தெரியும்."

சுவர் ஓரமாகக் கோட்டின் மேல் போய் நின்றார். பச்சைக் கோடு அவர் ரெண்டு பாதத்துக்கும் நடுவில் தொடங்கிற்று. இடுப்புக்கு வருவதற்குள் ஓரம் போயிற்று. நெஞ்சுக்கு மேலே அவரை விட்டே விலகி, வலக் காதுக்கு வெளியே, தனியாகக் கூரைக்குப் போயிற்று. கழுத்தும் தலையும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன, கண்ணாடியில் நின்ற அந்தக் கறுப்பு ஆளைப் போலவே.

"பாத்தீங்களா கோணலை!" என்றார் கோர்டன் பெருமையாக.

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். கெல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நோலீனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கூடம் கோணல் என்று அன்றைக்குத் தான் கிண்டல் பண்ணியது நினைவுக்கு வந்தது. அவள் நடைச் சுவரின் தடத்தைப் பார்த்தாள், அவர் சட்டையில் தேத்தண்ணிக் கறையைப் பார்த்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். மஞ்சள் மழைக்கோட்டுக்காரி. அந்தப் பூட்ஸை நோலீன் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"எங்க அப்பாவும் நடக்க நடக்க இப்படித்தான் ஒரு பக்கமாச் சாஞ்சாரு, நாங்க ஒரு வருஷம் தரையைத்தான் சரிபண்ணிக்கிட்டிருந்தோம், நீங்க நாளைக்கே இவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கம்மா."